கண்ணுக்கு வந்த பழி



நம் சங்க இதழில் விஞ்ஞான மாணவர்கள் எழுதுவதே இல்லை என்ற குறை நெடுநாளாக உண்டு. கவிதை எழுத நம்மிடையே நாற்பது பேர் இருக்கிறார்கள். கட்டுரை எழுத நாலு பேர். அந்த நால்வரும் இலக்கியமோ அரசியலோ படிப்பவர்கள். “உயிரியல் படிக்கிறாயே, நீ ஒன்று எழுதக் கூடாதா?” என்று இதழ்க் குழுவினர் இம்முறை என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். ஆனால் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுக் கூச்சம் தருவது. கிளமிடியா என்னும் கிருமியைப் பற்றியது. பெயரைக் கண்டதும் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். வேறு சிலர், அருகில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு படிப்பீர்கள். இரு சாராருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது ராமகிருஷ்ணபுரத்தில். அப்படிச் சொன்னால் டில்லியில் எந்த ஆட்டோக்காரருக்கும் புரியாது, ஆர்.கே.புரம் என்றால்தான் வண்டி நகரும். நம்மவர்களுக்கு அது தமிழ்ச் சங்கமும் மலை மந்திரும் இருக்கிற பேட்டை. ஊர் நினைவு வந்தால் முருகனைப் பார்க்கவும், முருகனைப் பார்த்த கையோடு நல்ல காப்பி தேடவும் போகிற இடம். மற்றவர்களுக்கு அது சர்க்கார் ஊழியர் குடியிருப்பு: வரிசை வரிசையாக மஞ்சள் கட்டடங்கள், இடையிடையே வேப்ப மரங்கள், ஒவ்வொரு மரத்திலும் ஒரு கூட்டம் கிளிகள். எங்கள் தெரு முனையில் அப்படியொரு வேம்பின் அடியில் துணி தேய்க்கும் மேசை ஒன்று உண்டு. ராஜஸ்தானில் ஆல்வார் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த குடும்பம் அது. தகப்பனார் காலையில் துணி சேகரிப்பார், மருமகள் தேய்ப்பாள், பாட்டி மடித்து வைப்பாள். நான் அந்தப் பாட்டியை ‘அம்மாஜி’ என்பேன்.

அம்மாஜியின் ஓடனி முனையில் எப்போதும் ஒரு சாமணம் முடிந்திருக்கும். முள் எடுக்கும் சாமணந்தான். வேலை ஓய்ந்த நேரத்தில் கையகலக் கண்ணாடி ஒன்றை மரத்தில் சார்த்திவைத்துத் தன் இமை மயிரைத் தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்வாள். முதலில் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. “என்ன செய்வது பேட்டா? மயிர் உள்ளே திரும்பி விழியைக் குத்துகிறது. பிடுங்கினால் பத்து நாள் நிம்மதி, பிறகு முளைத்துவிடும். முளைப்பது முன்னைவிடக் கூர்மை” என்றாள். அவள் சொன்ன தோரணையைக் கேட்டால், ஏதோ தோட்டத்தில் களை எடுப்பதைப் பற்றிப் பேசுகிறாள் என்றே தோன்றும்.

2025 மே மாதத்தில் புழுதிக் காற்று வீசிய நாட்களில் அவளுக்கு வலது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. யாரோ சொல்லி ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் இமையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு சிறு அறுவை செய்தால் சரியாகும் என்று தேதியும் கொடுத்தார். சீட்டில் நோயின் பெயரையும் எழுதினார். வினை அங்கேதான் தொடங்கியது.

அம்மாஜியின் பேரன் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறான். கெட்டிக்காரப் பையன். சீட்டில் ட்ரக்கோமா என்றிருந்ததைக் கைப்பேசியில் தேடியிருக்கிறான். ‘கிளமிடியா ட்ரக்கோமாட்டிஸ் என்னும் கிருமியால் வருவது’ என்று ஒரு வரி. அந்தக் கிருமியின் பெயரைத் தேடியிருக்கிறான். ‘உடலுறவினால் பரவும் நோய்களுள் மிகப் பரவலானவற்றில் ஒன்று’ என்று அடுத்த வரி. பையன் அதற்குமேல் படிக்கவில்லை. படித்தவன் என்ற பொறுப்போடு செய்தியை வீட்டில் சொல்லிவிட்டான்.

மூன்று நாள் கழித்து என் அறைக்கு வந்தான். “பையா, நீங்கள் உயிரியல் படிப்பவர்தானே? பாட்டிக்கு... அந்த வியாதி... எழுபது வயதில் எப்படி?” என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். மெல்ல மெல்ல மற்றதும் வெளிவந்தது. அப்பா அறுவையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மருத்துவமனையில் சொந்த ஊர்க்காரர் எவராவது சீட்டைப் பார்த்துவிட்டால் பிராதரியில் தலைகாட்ட முடியாதாம். அம்மா, பாட்டியின் தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைத்துவிட்டாள். ஒன்றரை வயதுத் தங்கையைப் பாட்டி மடியில் விடுவதில்லை. பாட்டியிடம் காரணத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. குழந்தையை ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று அவள் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

எனக்குச் சினம் வந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையன் படித்த இரண்டு வரிகளும் உண்மையே அல்லவா? இரண்டு உண்மைகளைச் சேர்த்து ஒரு பொய் கட்டப்பட்டிருந்தது. அதைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

காகிதத்தில் ஒரு கோடு போட்டு அவனுக்குச் சொன்னேன். கிளமிடியா ட்ரக்கோமாட்டிஸ் என்பது ஒரே கிருமிக்குரிய பெயர்தான். ஆனால் அதில் பல வகைகள் உண்டு. ஆய்வாளர்கள் எழுத்து இட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஏ, பி, பிஏ, சி என்பவை கண்ணைப் பற்றும். டி முதல் கே வரை உள்ளவை பிறப்புறுப்பைப் பற்றும். எல் என்னும் எழுத்தில் தொடங்கும் மூன்று வகைகள் அரையாப்புக் கட்டி போன்ற வேறொரு நோயைத் தரும். ஒரே வீட்டுப் பெயர் கொண்ட அண்ணன் தம்பிகள் பலர் இருந்தால், ஒருவன் செய்ததற்கு இன்னொருவனைக் கூண்டில் ஏற்றுவதா? பாட்டியின் கண்ணுக்கு வந்தது முதல் வகை. அது விரலால் வரும், துணியால் வரும், ஈயால் வரும். நோயுள்ள குழந்தையின் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒழுகுகிற நீர், அதைத் துடைத்த கை, அதே முந்தானை அடுத்த குழந்தையின் முகத்தில் படுவது, கண் ஓரத்தில் மொய்த்த ஈ எழுந்து பக்கத்துக் கண்ணில் அமர்வது, ஒரே மைக்கோலை நாலு பேர் கண்ணில் இழுத்துக்கொள்வது: இவ்வளவுதான் அதன் பிரயாணம். இதில் பழிக்கு இடம் எங்கே?

நம் ஊர் ‘மெட்ராஸ் ஐ’யை எண்ணிப் பாருங்கள். 2023 ஜூலையில் டில்லி முழுவதும் அப்படியொரு கண்நோய் பரவியது. நம் விடுதிகளிலும் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தோம். அது வேறு கிருமி, பெரும்பாலும் வைரசு. ஆனால் பரவும் வழி ஏறத்தாழ இதுவே. கையும் துண்டும் தலையணையும்தான். (பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம் அத்தைமார் சொல்வது அநியாயம். பார்வைக்கு அவ்வளவு சக்தி இருந்தால் தேர்வு மண்டபத்தில் நாம் எவ்வளவு பயனடைந்திருப்போம்!) மெட்ராஸ் ஐ வந்தவனை நாம் கேலி செய்தோம், ஒழுக்கம் கெட்டவன் என்று சொல்லவில்லை. அம்மாஜியின் நோய்க்குப் பெயர் மட்டும் வேறாக இருந்திருந்தால் அவள் தட்டும் தம்ளரும் இடம் மாறியிரா.

இன்னொன்றும் சொன்னேன்; பையனுக்கு அதுதான் பெரிதாகப்பட்டது. இந்த நோய் ஒருமுறை வந்து போனால் கண் கெடுவதில்லை. குழந்தைப் பருவத்தில் மீண்டும் மீண்டும் தொற்ற வேண்டும். மேலிமையின் உட்புறம் ஜவ்வரிசி போலச் சிறு முண்டுகள் எழும். அவை ஆறித் தழும்பாகும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தழும்பு சுருங்கி இமையின் ஓரத்தை உள்ளே இழுக்கும். இமை மயிர் விழியில் உரசும். உரசி உரசிக் கருவிழி வெண்மையாகும். அப்படி வெண்மையான இடம் தானாகத் தெளியாது. ஆகையால் அறுவையை ஒத்திப்போடும் ஒவ்வொரு மாதமும் நட்டந்தான். ஆனால் இந்தக் கட்டத்தில் இருப்பது தழும்பு. பெரும்பாலும் கிருமி அன்று. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் எரிந்த வீட்டின் கரிச் சுவரைத் தொட்டால் கை சுடுமா? பாட்டி மடியில் குழந்தை இருக்கலாம்.

அன்று மாலை அவனோடு வேப்ப மரத்தடிக்குப் போனேன். தகப்பனார் என்னை அமரச் சொன்னார். ஆனால் முகம் கொடுக்கவில்லை. நான் எழுத்துக்களையும் வகைகளையும் இந்தியில் தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் இந்தியின் பெருமை உங்களுக்குத் தெரியும். ஆண்பால் பெண்பால் எல்லாம் சமத்துவமாக வரும். அதற்குள் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாஜி நிமிர்ந்து, “நீங்கள் ரோஹேயைப் பற்றியா பேசுகிறீர்கள்?” என்றாள்.

ரோஹே! அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. வடநாட்டுக் கிராமங்களில் இந்நோய்க்குப் பரம்பரையாக வழங்கும் பெயர் அது. தகப்பனாரே சிறு வயதில் கேட்ட சொல். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அம்மாஜி பேசத் தொடங்கினாள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் ஊரில் கிணறு நெடுந்தூரம். விடியுமுன் பெண்கள் குடத்தோடு போய் வெயில் ஏறித் திரும்புவார்கள். அந்தத் தண்ணீர் குடிக்க, எருமைக்கு, ரொட்டி மாவுக்கு. முகம் கழுவ என்று யாரும் தனியே தண்ணீர் வைத்ததில்லை. ஐந்து குழந்தைகள், தாய் தன் ஓடனியின் ஒரே முனையால் ஐவர் முகத்தையும் வரிசையாகத் துடைத்துவிடுவாள். ஈக்களை ஓட்டுவது யாருக்கும் வேலையாகத் தோன்றியதில்லை. “என் அம்மாவுக்கு ரோஹே, அவள் அம்மா கண் தெரியாமலே செத்தாள். என் தம்பிமாருக்கு வந்து போய்விட்டது. எனக்கு நின்றுவிட்டது. நான்தானே கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்?” என்றாள்.

நான் திடுக்கிட்டேன். பாடப் புத்தகத்தில் படித்ததை அவள் தன் வீட்டுக் கதையாகச் சொல்லிவிட்டாள். இந்நோயால் கண்ணிழப்பவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் நான்கு மடங்கு வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காரணம் உடற்கூறு அன்று. நோயுற்ற சிறு குழந்தைகளை நாள் முழுதும் இடுப்பில் வைத்திருப்பவர்கள் அவர்களே என்பதுதான்.

இந்தக் கிருமியின் வரலாற்றையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் துறை மாணவர்களுக்கே பலருக்குத் தெரியாது. 1907இல் ஜாவாத் தீவில் ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்ற இருவர் நோயாளியின் இமையிலிருந்து சுரண்டியெடுத்ததை ஒராங்குட்டான் குரங்கின் கண்ணில் தடவி நோயை வரவழைத்தார்கள். உயிரணுவுக்குள் உட்கருவைப் போர்த்தியதுபோல் ஏதோ கிடப்பதை நுண்ணோக்கியில் கண்டார்கள். கிரேக்க மொழியில் ‘கிளமிஸ்’ என்றால் போர்வை. பெயர் அதிலிருந்து வந்தது. நம் உயிரணுவுக்குள் புகுந்தால்தான் பெருக முடியும் என்பதால் இதை நெடுங்காலம் வைரசு என்றே எண்ணினார்கள். பாக்டீரியா இனம் என்று தெளிந்தது 1960களில். அதற்குமுன் பீகிங்கில் டாங் ஃபெய்ஃபான் என்ற அறிஞர் கோழி முட்டைக் கருவில் இதை வளர்த்துக் காட்டினார், 1957இல் வெளியிட்டார். தாம் வளர்த்தது அந்தக் கிருமிதான் என்று மெய்ப்பிக்க 1958இல் தம் கண்ணிலேயே அதை இட்டுக்கொண்டு நோயை வரவழைத்துக்கொண்டார். அதே ஆண்டு, அரசியல் விசாரணைகளில் நேர்ந்த அவமானம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். கண்நோயைத் தாங்கியவரால் பழிச் சொல்லைத் தாங்க முடியவில்லை.

கண்ணைத் தவிர வேறு வழிகளும் உண்டு. தாய்க்குப் பிறப்புறுப்பில் நோய் இருந்தால் பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றலாம். பிறந்த ஓரிரு வாரத்தில் கண் சீழ்பிடிக்கும். சில குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் நுரையீரல் அழற்சி வரும். கருவுற்ற காலத்திலேயே தாயைச் சோதித்து மருந்து கொடுத்தால் தடுத்துவிடலாம். கிளமிடியா குடும்பத்தில் ஒன்றுவிட்ட உறவுகளும் இருக்கின்றன. ஒன்று இருமலாலும் தும்மலாலும் பரவி நுரையீரலைத் தாக்குவது. அதற்குத் தனிப் பெயர் சூட்டியது 1989இல்தான். இன்னொன்று கிளி வளர்ப்போருக்கு வருவது. நோயுற்ற பறவையின் எச்சம் காய்ந்து தூளாகிக் காற்றில் கலந்தால், அதை மூச்சோடு இழுப்பவருக்குக் காய்ச்சல் வரும். 1929, 1930 ஆண்டுகளில் தென்னமெரிக்கக் கிளிகள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இதனால் கலங்கடித்தன. ஆர்.கே.புரத்துக் கிளிகளைப் பார்த்து அஞ்ச வேண்டாம்; அவை நம் மூக்குக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக் கூண்டில் அடைக்காதீர்கள். அது சட்டப்படியும் குற்றம்.

இங்கே ஒரு வார்த்தை. இதையெல்லாம் படித்துவிட்டு, ‘அப்படியானால் எனக்கு வந்தது விடுதிக் கழிப்பறையிலிருந்துதான்’ என்று எவரும் வாதாடக் கிளம்ப வேண்டாம். பிறப்புறுப்பைப் பற்றும் வகை கழிப்பறை இருக்கையிலிருந்து வராது. போர்வையிலிருந்தும், நீச்சல் குளத்திலிருந்தும், ஒரே தட்டில் உண்பதாலும், கட்டித் தழுவுவதாலும் வராது. வளர்ந்தவர்களுக்கு அது உடலுறவால் வருவதுதான். அதுவும் வெட்கப்பட வேண்டிய செய்தி அன்று. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. பெண்களில் பெரும்பாலோர்க்கும் ஆண்களில் பலருக்கும் எந்த அறிகுறியும் இல்லாமல் மாதக் கணக்கில் இருக்கும். ஆகவே இன்று தெரியவந்தால் நேற்று வந்ததென்று பொருள் அன்று. அதை வைத்துக்கொண்டு துணையின் மீது சந்தேகப்பட்டுச் சண்டையிட்டுப் பயனில்லை. சிறுநீரைச் சோதித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். டாக்டர் எழுதித் தரும் மாத்திரை ஒரு வாரம். துணைவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். விட்டுவிட்டால் பெண்களுக்குக் கருக்குழாய் அடைபட்டுப் பிள்ளைப்பேறு தடைப்படலாம். நோயுள்ளவர் தம் கையாலேயே தம் கண்ணுக்கும் அதைக் கொண்டுபோகலாம். நாளாகியும் ஆறாத கண் சிவப்புக்கு மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுவது நல்லது.

அம்மாஜியின் நோய்க்குத் திரும்புகிறேன். நம் நாட்டில் 1950களிலும் 60களிலும் கண்ணிழப்பின் பெருங் காரணங்களுள் ஒன்றாயிருந்தது ட்ரக்கோமா. பஞ்சாப், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், குஜராத் முதலிய வறண்ட, புழுதி மிகுந்த பகுதிகளில் மிகுதி; நம் தென்னாட்டில் குறைவு. 1956இல் முன்னோட்டமாகப் பணி தொடங்கி, 1963இல் தேசியத் திட்டமாயிற்று. பள்ளிக் குழந்தைகளின் கண்ணில் டெட்ராசைக்ளின் களிம்பு இடப்பட்டது. 1976இல் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தோடு அது இணைந்தது. அறுவை, மருந்து, முகத் தூய்மை, சுற்றுப்புறத் தூய்மை என்று உலக சுகாதார நிறுவனம் பின்னாளில் நான்கு வழி வகுத்தது. நான்கில் இரண்டு வெறுந் தண்ணீரும் கக்கூசும்தான்! நம் ஆர்.கே.புரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எய்ம்ஸ் மருத்துவமனை இருக்கிறதே, அங்குள்ள ராஜேந்திர பிரசாத் கண் மையந்தான் 2014 முதல் 2017 வரை நாடளாவிய ஆய்வை நடத்தியது. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் தொற்று நிலையில் இருந்தோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.7 விழுக்காடே என்று கண்டார்கள். பிறகு மயிர் உட்புறம் திரும்பிய முதியோரைத் தேடி இன்னொரு கணக்கெடுப்பு. 2024 அக்டோபரில், நேபாளம், மியன்மாருக்கு அடுத்தபடியாக, தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் இந்தியாவும் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

இதை அம்மாஜியிடம் பெருமையோடு சொன்னேன். “ஒழிந்துவிட்டதா? பின்னே இது என்ன?” என்று தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். நியாயமான கேள்வி. அந்தச் சான்றுக்குப் பொருள், ஒருவர்கூட இல்லை என்பதன்று. குழந்தைகளிடையே பரவல் அடங்கிவிட்டது, பழைய தழும்போடு இருப்பவர்கள் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, அவர்களைத் தேடிச் சிகிச்சை தர வழி இருக்கிறது என்பதே. அந்த ஆயிரத்தில் ஒருத்தி வேப்ப மரத்தடியில் சாமணத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளை மருத்துவமனைக்குப் போகாமல் தடுத்தது பணமும் அன்று, தூரமும் அன்று. கைப்பேசியில் வந்த ஒரு வரி.

தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. மருமகள்தான் எழுந்து உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்து கிழவியிடம் கொடுத்தாள். மன்னிப்பு, விளக்கம் ஏதும் இல்லை. அம்மாஜியும் கேட்கவில்லை. குழந்தை அவள் ஓடனி முனையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. “சீ, அழுக்கு” என்று அதைப் பிடுங்கினாள் பாட்டி.

தவறிப்போன தேதிக்குப் பதிலாக ஜூன் கடைசியில் வேறு தேதி கிடைத்தது. பையனும் நானும் கூடப் போனோம். இமை மரத்துப்போக ஓர் ஊசி. உட்புறத்தில் ஒரு கீறல். ஓரத்தை வெளிப்புறம் திருப்பிச் சில தையல். அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது கண்ணில் ஏற்கெனவே விழுந்திருந்த வெண்மை போகவில்லை. போகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் உறுத்தல் இல்லை. புழுதிக் காற்றிலும் கண் திறக்கிறது. இடது கண்ணில் இரண்டு மயிர்கள் திரும்பத் தொடங்கியிருக்கின்றன; குளிர் தொடங்கியதும் அதற்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சீட்டைப் பேரன் தன் வேதியியல் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறான்.